கோபம் வந்தால் ஒருக்கா விரலில் குத்திச் சீனியைப் பார், மகன்

களுவாஞ்சிகுடி

அன்பு மகன்,

நேற்று வீடியோவில் நீ இன்சுலின் ஊசியைத் தூக்கிக் காட்டியதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. ஊசிக்கு நான் பயந்தவள் இல்லை. அப்பாவுக்கு 11 வருசமாய்ப் போடுகிறேன். ஊசி போடுகிறவர்களுக்கு இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்குவதை நினைத்தால்தான் வயிறு கலங்குது.

சீனி இறங்கினால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி பிடுங்கும் என்று லண்டனில் நேர்ஸ் சொல்லியிருப்பா. கோபத்தைச் சொன்னாவா?

நீ ஏ.எல். சோதனை எடுத்த வருசம், வெள்ளாமை வெட்டு நேரம். அப்பா ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு இடியப்பத்தோடு எழும்பி, குருமண்வெளித் துறையால் மண்டூர்ப் பக்கம் வயலுக்குப் போனார். திரும்பி வர மத்தியானம் இரண்டு மணி. திண்ணையில் இருந்து கூலிக் காசை எண்ணினார், திரும்ப எண்ணினார், அதையே மறுபடியும் எண்ணினார். "சாப்பிட வாங்க" என்றேன். "உனக்கு எப்பவும் சாப்பாடுதான்!" என்று கத்தினார். என்னை ஒரு நாளும் அதட்டாத மனிசன். ரோசத்தில் குசினிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தால் எட்டிப் பார்த்தால் காசு நிலத்தில் சிந்திக் கிடக்குது, சேட் முதுகோடு ஒட்டிக் கிடக்குது, என்னை ஆரோ போலப் பார்க்கிறார். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துப் பருக்கினேன். நல்ல காலம், விழுங்கினார். கால் மணித்தியாலம் போக, "என்ன புள்ள, சேட் இப்படி நனைஞ்சிருக்கு?" என்றார். கத்தியது ஞாபகமே இல்லை. நான் ரோசப்பட்டு நின்ற அந்த நேரம் இன்னும் நெஞ்சில் கிடக்கு.

மூளைக்குச் சீனி போதாமல் போனால் மனிசன் தன் குணத்தில் நிற்க மாட்டான். அது உனக்கே விளங்காமல் போகலாம். அறைப் பெடியன்களிடம் வெட்கப்படாமல் சொல்லி வை: காரணமில்லாமல் நான் சண்டை பிடித்தால், பேச்சுக் குழறினால், முதலில் இனிப்பைத் தாங்கோ என்று. மயங்கிக் கிடந்தால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றக் கூடாது; சரித்துப் படுக்க வைத்து அம்புலன்சுக்கு 999 அடிக்கட்டும்.

இங்கே இரத்தச் சீனி 70க்குக் கீழே என்று பார்ப்பதை, அங்கே அளவு முறை வேறு என்பதால், உன் லண்டன் மெசினில் 4க்குக் கீழே என்று வைத்துக்கொள். அப்படிக் காட்டினால் சின்னக் கப் இனிப்புச் சோடா உடனே குடி, டயட் சோடா சரிவராது. சொக்லட்டை நம்பாதே, அதில் இருக்கும் கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிசத்தால் திரும்ப விரலில் குத்திப் பார். ஏறாவிட்டால் இன்னொருக்கா குடி, ஏறினால் பாணோ பிஸ்கட்டோ சாப்பிடு. 5க்குக் குறைவென்றால் கார் எடுக்காதே.

விடிய எழும்பும்போது தலையணை ஈரமாய் இருந்தாலோ, தலையிடித்தாலோ, கெட்ட கனவு கண்டாலோ இரவில் இறங்கியிருக்கலாம். டொக்டரிடம் சொல், ஊசி அளவைப் பார்ப்பார்.

குளுக்கோஸ் வில்லை வாங்கித் தலைமாட்டில் வை. வைத்ததைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு, பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.

அம்மா