முதலில் நிறுத்தக் கற்பியுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் தொழில்நுட்பப் பாடங்களுக்கும் தொழிற்பயிற்சிக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம். மீன்பிடி வள்ளங்களின் புரொப்பெல்லர் தண்டுகளைக் கடைந்து கொடுக்கும் கடைச்சல் பட்டறையொன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். 2013 ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபோது மனமார மகிழ்ந்தேன். ஆனால், எங்களிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் பலர், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரத்தின் உறுப்புகளைப் பெயர் பிசகாமல் சொன்னார்கள். அதை அவசரத்தில் நிறுத்தச் சொன்னால் கை தடுமாறியது.

ஒருநாள் ஒரு மாணவன், கடையும் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’ என்ற பிடியை இறுக்கிய சாவியை எடுக்காமலே இயந்திரத்தை ஓடவிட்டான். சாவி எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து தகரச் சுவரில் மோதியது. சாவி சக்கிலிருந்து வெளியே வரும்வரை அதிலிருந்து கையை எடுக்கக்கூடாது என்ற பழக்கத்தை அவனுக்கு ஊட்டாத எங்களையே நான் குற்றம் சொல்வேன்.

நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும் சக், ஒரு செக்கனில் 16 முறைக்கு மேல் சுழலும். ஆபத்தைக் கண்டு கையை இழுக்க நமக்குக் கால் செக்கனாவது வேண்டும். அதற்குள் சக் நான்கு சுற்றை முடித்திருக்கும். கோணேசர் கோயிலில் கட்டிய நூலோ, பின்னலோ, மோதிரமோ, தளர்ந்த சட்டைக் கையோ சிக்கினால் அந்த நான்கு சுற்றே போதும். பாதுகாப்புக்கென்று போடும் கையுறையும் சுழலும் இயந்திரத்தருகே கையை உள்ளே இழுத்துவிடும் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆகவே காரணத்தோடு சொல்லுங்கள். கோயில் நூலைக் கழற்றச் சொல்வது மனத்தை நோகச் செய்யும் விடயம் என்பதால், பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

ஆகவே முதல் பாடம் நிறுத்துவதாக இருக்கட்டும். சுவிட்சை அணைத்த பின்னும், பிரேக் இல்லாத பழைய இயந்திரத்தின் சக் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அதைக் கையால் பிடித்து நிறுத்த முயலாமல் காத்திருக்கவும், இரும்புச் சீவலை இயந்திரம் நின்ற பின்னர் தூரிகையாலோ கொக்கியாலோ அகற்றவும் பழக்க வேண்டும். சாணைக்கல்லுக்கும், தீட்டும் பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விழாமல், கல் தேயத் தேயத் தாங்கியை நகர்த்தி வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வோர் இயந்திரத்தையும் தனியே நிறுத்திக் காட்டிய பின்னரே அதை ஓட்ட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அழைத்தால் நானே வந்து கற்பிக்கிறேன். அதற்கு ஊதியம் வேண்டாம். வருகின்ற மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்
திருகோணமலை