திங்கட்கிழமை காலையில் என்ன மிஞ்சும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உபத்திரவப்படும் திருச்சபைக்கான உலக ஜெப நாள் ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. பல சபைகளில் அன்று ஒரு காணொளி ஓடும், கொஞ்சம் கண்ணீர் வரும், "அவர்களைப் பலப்படுத்தும் ஆண்டவரே" என்று ஒரு வரி ஜெபம் ஏறெடுக்கப்படும். பிரசங்கம், "நமக்கு இப்படி நேர்ந்தால் தாங்குவோமா?" என்ற கேள்வியில் வந்து முடியும். அந்தக் கேள்வியால் யாருக்கும் பயனில்லை. நேரும்வரை அதற்குப் பதில் தெரியாது; இயேசுவை மறுதலிக்கவே மாட்டேன் என்ற பேதுருவே தவறான பதிலைத்தான் சொன்னார். பாடுபடுகிறவர்களின் வாழ்க்கை நம்மிடம் கேட்பது வேறொன்று. ஆலயம், போதகர், மைக், அச்சிட்ட வேதாகமம் ஆகிய நான்கையும் எடுத்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் உங்களிடம் என்ன மிஞ்சும்? இதற்கு இன்றைக்கே பதில் பார்த்துவிடலாம்.

ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். நாட்டில் மறைந்திருந்த கடைசிக் கத்தோலிக்கக் குருவும் 1644-இல் கொல்லப்பட்டார். அதன்பின் 200 ஆண்டுகளுக்கு மேல் குருவும் இல்லை, திருப்பலியும் இல்லை. நாகசாகியை அடுத்த உரகாமி கிராமத்தார் பொறுப்புகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். 'சோகாட்டா' என்பவர் திருநாட்காட்டியைக் காப்பவர். தவக்காலம் எப்போது, ஈஸ்டர் எப்போது என்று கணக்கிட்டுச் சொல்வார். 'மிசுகாட்டா' ஞானஸ்நானம் கொடுப்பார். 'கிகியாகு' செய்தியைக் குடும்பங்களுக்குக் கொண்டுபோவார். மூவருமே சாதாரணக் கிராமத்தார்கள்தாம். 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓரா ஆலயத்துக்கு இவர்களில் சிலர் வந்து, அங்கிருந்த பிரெஞ்சு குரு பெத்தித்ஜானிடம் தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றே என்று சொல்லி, மரியாளின் சொரூபம் எங்கே என்று கேட்டார்கள். ஏழு தலைமுறை கடந்து வந்த கேள்வி அது. வெளியே தெரிந்துவிட்டதால் உரகாமியிலிருந்து 3,000-க்கும் மேற்பட்டோர் நாடு முழுவதும் சிதறடிக்கப்பட்டார்கள். 1873-இல் தடை நீங்குவதற்குள் அவர்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

இவர்களை வீரர்களாக மட்டும் பார்த்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகும். தாங்கள் கிறிஸ்தவர் அல்ல என்று காட்ட, நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் அதிகாரிகள் முன்னால் கிறிஸ்துவின் உருவத்தையோ மரியாளின் உருவத்தையோ காலால் மிதிக்க வேண்டியிருந்தது. பலர் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து 'கொஞ்சிரிசான்' என்ற மனத்துயர் ஜெபத்தைச் சொல்லி அழுதார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில் முழு மனதோடு வருந்தி நேரே கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் ஜெபம் அது. குருமார் இருந்த காலத்திலேயே கற்றுக்கொடுக்கப்பட்டது. விழுந்தவன் எழும்ப வழி முன்கூட்டியே மனப்பாடமாக இருந்தது. அதனால்தான் ஏழு தலைமுறை தாங்கியது என்று நினைக்கிறேன்.

பிசகிய இடமும் உண்டு. இகிட்சுகி போன்ற தீவுகளில் ஜெபங்களில் இருந்த இலத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து பொருள் போய், ஓசை மட்டும் நின்றது. தடை நீங்கியபின் திருச்சபையோடு மறுபடி சேராமலே போன குடும்பங்களும் அங்கே உண்டு.

வியட்நாமில் பேராயர் வான் துவான் 1975-இல் கைதாகி 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. துணியும் பற்பசையும் கேட்டு எழுத அனுமதி கிடைத்தபோது 'வயிற்று வலி மருந்து' என்றும் சேர்த்து எழுதினார். வீட்டார் புரிந்துகொண்டு சிறு புட்டியில் திராட்சரசத்தை மருந்தென்று எழுதி அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டு நீர். அவ்வளவில் தினமும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். மற்றக் கைதிகளோடு இருந்த முகாமில் இரவு விளக்கணைந்தபின் படுக்கையில் குனிந்தபடி முழுச் சடங்கையும் நினைவிலிருந்தே சொல்லி, கொசுவலைக்கடியில் நற்கருணையைப் பக்கத்தவருக்கு நீட்டினார். புத்தகம் பார்த்தே சொல்லப் பழகியவருக்கு அந்த இருட்டில் என்ன செய்ய முடிந்திருக்கும்?

ஆகவே மனப்பாடத்தைச் சிறுவர் போட்டியாக விட்டுவிடக் கூடாது. மலைப்பிரசங்கம், அதாவது மத்தேயு 5 முதல் 7 வரை, மொத்தம் 111 வசனம். வாரம் இரண்டு வசனம் எடுத்தால் 56 வாரத்தில் முடியும். ஒரே மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் இரண்டும் குழம்பும். வாய்விட்டுச் சொல்லுங்கள்; மனதுக்குள் ஓட்டினால் விட்ட சொல் தெரியாது. பலர் தோற்பது புதியதைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பழையதைத் திருப்பாததால்தான். மூன்றாம் மாதம் வரும்போது முதல் பத்து வசனம் காணாமல் போயிருக்கும். வாரத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் வேண்டாம், தொடக்கத்திலிருந்து சொல்லிப்பாருங்கள். சிதறலாக ஆறுதல் வசனங்களை மட்டும் பொறுக்காமல் அதிகாரமாகக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் பொருளைச் சொந்த வார்த்தையில் பக்கத்தவருக்குச் சொல்ல வேண்டும். இகிட்சுகியில் நடந்தது நமக்கும் நடக்கலாம்.

ஞாயிறு ஆராதனையை நாம் எவ்வளவு எளிதாக விடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரோமப் பேரரசன் டயக்ளீசியன் கிறிஸ்தவக் கூடுகைகளைத் தடைசெய்திருந்த 304-இல், வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊரில் ஒரு வீட்டில் கூடியதற்காக 49 பேர் பிடிபட்டார்கள். கட்டளையை ஏன் மீறினீர்கள் என்று கேட்டதற்கு, ஆண்டவரின் நாள் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றார் அவர்களில் ஒருவரான எமெரித்துஸ். நோயாளிகளையும் வேலை நெருக்கடியில் இருப்பவர்களையும் நான் சொல்லவில்லை. தூறலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நின்றுவிடுகிறவர்களைச் சொல்கிறேன்.

உபத்திரவம் தானாகவே சபையை வளர்க்கும் என்று மேடையில் சொல்வதை நிறுத்திவிடலாம். 250-இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் திரளான விசுவாசிகள் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நீண்ட அமைதிக் காலத்தில் ஒழுங்கு தளர்ந்து, ஆயர்களே சொத்துச் சேர்ப்பதில் இறங்கியதுதான் காரணம் என்று அவ்வூர் ஆயர் சிப்ரியான் எழுதினார். சோதனை வந்த நாளில் அவர்கள் புதிதாகப் பலவீனர் ஆகவில்லை.

ஜெபத்துக்கும் தகவல் வேண்டும். சோவியத் ஆட்சியில் லித்துவேனியக் கத்தோலிக்கர் 1972 முதல் 1989 வரை ஒரு இரகசிய இதழைத் தட்டச்சில் நகலெடுத்து 81 இதழ்கள் கொண்டுவந்தார்கள். எந்தப் பங்கு (ஊர்ச் சபை), எந்தத் தேதி, யாரை விசாரித்தார்கள் என்று அதில் துல்லியமாக இருக்கும். நம்மிடம் வருவதோ, ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை என்று பல ஆண்டுகளாகச் சுற்றும் பொய்ச் செய்தி. தேதியும் இடமும் இல்லாமல் 'நாளை' என்று மட்டும் இருந்தால் அனுப்பாதீர்கள். பொய் என்று தெரிந்தபின் உண்மைச் செய்தியையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுத விரும்பும் சபைகள் நான்கைந்து வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எந்த அமைப்பு மூலம் அறிந்தீர்கள் என்று எழுதக் கூடாது. அந்த அரசை விமர்சிக்கவும் கூடாது. பணம் வைக்கக் கூடாது. கடிதத்தை முதலில் படிப்பவர் சிறை அதிகாரி. பதில் வராவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். கடிதம் வந்துகொண்டிருந்தாலே அவரை யாரோ கவனிக்கிறார்கள் என்று அதிகாரிக்குத் தெரியும். வீட்டுச் சபைகளின் ஞானஸ்நானப் படம் கைக்கு வந்தால், முகத்தை மறைத்தாலும் போடாதீர்கள். சுவரும் சன்னலும் தொட்டியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்