பத்து நாள் போய் என்ன ஆகும் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள ஜெபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்பா ரெண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. உங்கள் பெங்களூர் சபையிலிருந்து ராஜ்மஹால் மலைக்குப் பத்து நாள் மிஷன் ட்ரிப் போகிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள், உனக்கோ மனம் ஒப்பவில்லை. "பன்னிரண்டு பேர் போய்வருகிற செலவை அப்படியே அனுப்பிவைத்தால் ஒரு மிஷனெரி குடும்பம் பல மாதம் சாப்பிடுமே அம்மா, நாங்கள் போய்ப் பாட்டுப் பாடி போட்டோ எடுத்துவிட்டு வருவதில் யாருக்கு லாபம்?" என்றாய். நாங்கள் மிஷனெரிகளாக இருந்த அந்த மலையில் வளர்ந்தவள் நீ. கேட்பதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

நீ அனுப்பிய கட்டுரையை அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். 1998-ல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராஸ் நாட்டில், அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்து கட்டிய வீடுகளையும் உள்ளூர் ஆட்கள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையாம். அதை நான் அப்படியே நம்புகிறேன். கட்டிடம் எழுப்பவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் மலையில் ஆள் உண்டு, அந்தக் கூலி அவர்களுக்குப் போய்ச் சேருவதே நல்லது. விபிஎஸ், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, நடத்துகிறோம் என்று வந்து, வீட்டில் மால்டோ மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு அவசர இந்தியில் ஒரு ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று சபையில் அறிக்கை வாசிப்பதும் எனக்குப் பிடிக்காது. மிட்டாய் கொடுக்கிறவர் கேட்டால் எந்தப் பிள்ளையும் கையைத் தூக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, போ என்றுதான் உனக்குச் சொல்கிறேன். ஏன் என்று கேள்.

உனக்குச் சாத்தான்குளம் பெரியம்மாவை ஞாபகம் இருக்கும். ஹாஸ்டலில் விசிட்டர்ஸ் ஞாயிறு வந்தால் முந்திரிக்கொத்து டப்பாவோடு கேட்டில் நிற்பார்களே, அவர்களேதான். உனக்கு அம்மை போட்டபோது வார்டன் அம்மா கூப்பிட்டனுப்பியதும் முதலில் வந்து நின்றது அவர்கள். அவர்கள் நமக்குச் சொந்தமில்லை என்று உனக்குத் தெரியும். எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சபைக் குழுவோடு ஒரு வாரம் பணித்தளம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் அப்பாவோடு ஊர் ஊராக மலையேறிப் போனார்கள். அவர்களுக்கு மூட்டுவலி, ஏற முடியவில்லை. அதனால் வாரம் முழுக்க என்னோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். சுனையிலிருந்து தண்ணீர் எடுத்துவர எவ்வளவு நேரமாகிறது, விறகு எப்படிப் புகைகிறது, ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்தால் நான் என்ன செய்கிறேன் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஊருக்குப் போன பிறகு மாதம் தவறாமல் கடிதம் வந்தது. நீ திருநெல்வேலிச் சீமைக்குப் படிக்க வந்த அந்த ஜூன் மாதம், "பிள்ளையைப் பார்க்க நான் இருக்கிறேன், நீ அழாதே" என்று எழுதினார்கள். அதற்கப்புறம் உன் பத்தாம் வகுப்புவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள்.

அவர்கள் வந்துபோன ரயில் செலவை மணியார்டராக அனுப்பியிருந்தால் நாங்கள் அரிசி வாங்கியிருப்போம். நல்ல அரிசியாகவே வாங்கியிருப்போம். ஆனால் உனக்கு ஒரு பெரியம்மா கிடைத்திருக்க மாட்டார்கள். குறுகிய மிஷன் பயணத்தைப் பற்றி என் மனதில் இருப்பது அவ்வளவும் இதில் அடங்கிவிட்டது. பத்து நாளில் நீங்கள் அங்கே செய்கிற வேலை சின்னதுதான். அந்தப் பத்து நாளில் ஒரு குடும்பத்தை அறிந்துகொண்டு, பிறகு வருஷக்கணக்கில் அவர்களை விடாமலிருப்பது பெரியது.

மாப்பிள்ளைக்கு அந்த இடம் தெரியாது, அதனால் இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டு. ராஜ்மஹால் மலை ஜார்க்கண்டில் சாஹிப்கஞ்ச், பாகூர், கோட்டா மாவட்டங்களில் கிடக்கிறது. மலைக்கு வடக்கிலும் கிழக்கிலும் கங்கை ஓடுகிறது. மேலே இருப்பவர்கள் பஹாரியா ஜனங்கள். அவர்கள் பேசும் மால்டோ திராவிடக் குடும்பத்து மொழி. நம் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் அதையும் சேர்த்திருக்கிறார். சரிவுகளில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் பர்பட்டி என்கிற பயறும் விதைக்கிறார்கள், அதைக் குர்வா என்பார்கள். விளைந்ததைத் தலைச்சுமையாக அடிவாரத்து ஹாட்டுக்கு, அதாவது வாரச்சந்தைக்கு, இறக்கிக்கொண்டுபோய், மகாஜன் என்கிற வட்டிக்காரரிடம் வாங்கிய பழைய கடனுக்கே பாதியைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நோயைப் பற்றியும் அவருக்குச் சொல். மூளை மலேரியா ஒன்று, காலா அசார் இன்னொன்று. காலா அசார் மணல் ஈ கடித்து வருகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும், உடம்பு கறுத்து மெலியும், கவனிக்காமல் விட்டால் சாவுதான். எங்கள் காலத்தில் அதற்குத் தினமும் ஊசி, வாரக்கணக்கில் போட வேண்டும். மலையிலிருந்து அத்தனை நாள் யார் இறங்கி வருவார்கள்? இப்போது நரம்பு வழியாக ஒரே நாளில் ஏற்றுகிற மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் நோயைக் கண்டுபிடிக்கிற பட்டையும் வந்துவிட்டது. உங்கள் குழுவில் ரெண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களுக்கு அங்கே மெய்யான வேலை இருக்கிறது. ஆனால் முகாமில் பெயர் எழுதிய ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் அப்புறம் கீழே கூட்டிக்கொண்டுபோகப் போவது அங்கேயே இருக்கிற நர்ஸ் பிள்ளைதான். அவளைக் கேட்காமல் முகாமைத் திட்டம் போட வேண்டாம் என்று டாக்டர்களிடம் சொல். எங்களோடு ஊழியம் செய்த ஒரு தம்பியை அந்த மலேரியாவுக்குக் கொடுத்தோம். உனக்கு அவன் முகம் ஞாபகமிருக்காது, நீ சின்னவள். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் மறுபடியும் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு லாந்தர் எடுத்துக்கொண்டு போனாள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது.

மிஷனெரி என்றால் சபைகளில் ஆம்பிளையைத்தான் பேசுவார்கள். வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்ததும், வேதத்தை மொழிபெயர்த்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முத்னாபட்டியில் 1794-ல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் செத்ததும், தாய் டாரதிக்கு மனம் பேதலித்து, 1807-ல் சாகும்வரை தெளியாமலே போனதும் எத்தனை பிரசங்கத்தில் வருகிறது? முத்னாபட்டி நம் மலையிலிருந்து கங்கைக்கு அந்தப் பக்கம், மால்டா போகிற திசையில்தான். புழுக்கம் தாங்காத ராத்திரிகளில் நான் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். கேரியின் பையன்கள் கவனிப்பாரில்லாமல் திரிந்தபோது, செராம்பூரில் அவருடைய சக மிஷனெரியின் மனைவி ஹன்னா மார்ஷ்மன் அம்மாள் அவர்களைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். கேரி ஊழியத்தில் நின்றதற்கு ஹன்னா அம்மாளும் ஒரு காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நீ காலேஜ் முடித்த வருஷம் என்னிடம் ஒன்று கேட்டாய். "எங்களைவிட அந்த ஜனங்கள்மேல்தான் உங்களுக்குப் பாசமா?" இல்லை மகளே. மே மாத லீவு முடிந்து உன்னையும் தம்பியையும் பர்ஹர்வா ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு மலையேறுகிற அந்த வழி முழுவதும் நானும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். நீ வாங்கிய பரிசுகளை நாங்கள் நேரில் பார்க்கவில்லை. நீ வயசுக்கு வந்த செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. அந்த விலை என்னவென்று எங்களுக்குத் தெரியும், நீயும் சேர்ந்து கொடுத்தாய் என்றும் தெரியும். அதே சமயம், அந்த மலையில் நீ எல்லா வீட்டுப் பிள்ளையாகவும் இருந்தாய். மால்டோவில் சண்டை போட்டாய், அவர்கள் வீட்டு மக்காச்சோளக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாய். பிள்ளை குட்டியோடு வந்து குடியிருக்கிறார்களே என்றுதான் அந்த ஜனம் எங்களை நம்பியது. தனி ஆளாக இருந்திருந்தால் அந்த மலையில் எங்களுக்குக் கதவு திறந்திருக்காது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றவர், பிறகு குடும்பத்தோடு தோர்ணக்கலுக்கே போய்த் தெலுங்கு ஜனங்களோடு வாழ்ந்தவர். அவர் 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முகத்துக்கு நேரே கேட்டார்: பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். இன்று தெற்கேயிருந்து வடக்கே போகிற நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. நாம் அனுப்புகிறவர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள் என்ற நினைப்போடு மலையேறினால் அதை அந்த ஜனம் உடனே கண்டுபிடித்துவிடும்.

சரி, போவதென்றால் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். பன்னிரண்டு பேர் ஒரே வீட்டில் இறங்காதீர்கள். அந்த வீட்டு மிஷனெரி அக்காள் விறகடுப்பில் பன்னிரண்டு பேருக்குப் பொங்கிப் போட்டே பத்து நாளும் தீர்ந்துபோகும். மூன்று பணித்தளத்துக்குப் பிரிந்து போங்கள், சாப்பாட்டுச் செலவை முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள், பாத்திரம் கழுவ உட்காருங்கள். புளி, மிளகாய்ப்பொடி, கருவாடு, தமிழ்ப் பத்திரிகைகள், வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரவர் வயசுக்கு ஒரு புத்தகம், இதெல்லாம் பையில் இருக்கட்டும். கொசுவலை கட்டாயம். மலேரியாவுக்கு முன்கூட்டி எடுக்கிற மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசுவாசிகளின் முகத்தைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடவே வேண்டாம் என்று வாலிபப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல். ஜார்க்கண்டில் 2017-ல் மதமாற்றச் சட்டம் வந்திருக்கிறது. நீங்கள் ரயிலேறிப் போய்விடுவீர்கள், போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே இருப்பவர்கள். சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். கேட்டால் அவர்களாகவே ராத்திரி சாப்பிட்டபின் சொல்வார்கள்.

இன்னொன்று. அங்கே இப்போது இருக்கிற குடும்பத்தின் மூத்த பெண் இந்த வருஷம்தான் ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறாளாம். அவளுடைய அம்மாவிடம் நீ ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டும். டாக்டர்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் பிள்ளை எதற்கு அழும், எதற்கு அழாது, கடிதத்தில் என்ன எழுதினால் அதற்குத் தெம்பு வரும் என்று நீ சொன்னால் அந்தத் தாய் நம்புவாள். நான் சொன்னால்கூட அவ்வளவு நம்பமாட்டாள்.

உன் சபைப் பெரியவர்களிடம் பேசி, தேதியை அவர்களாக வைக்காமல் பணித்தளத்து மிஷனெரிக்கு முதலில் போன் பண்ணச் சொல். நவம்பர் கடைசி அறுவடை நேரம், ஊரில் ஆள் இருக்காது. ஜனவரி நல்லது, ஆனால் குளிர் கடுமை, சின்னவனை எங்களிடம் விட்டுவிட்டுப் போ. பெரியவளைக் கூட்டிக்கொண்டு போ, தன் அம்மா எங்கே வளர்ந்தாள் என்று அவள் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா