கூந்தன்குளத்து நாரையைக் கிளப்பாதீர்கள்: பறவைச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பறவைச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்காரன் எழுதுகிறேன். எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘மனிதரும் பறவையும் சேர்ந்து வாழும் அதிசய கிராமம்’ என்று உங்கள் அறிவிப்புகளில் எங்களைவிட அழகாக எழுதுகிறீர்கள். அந்த அதிசயம் எப்படி நடக்கிறது என்பதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வேனில் வந்த இருபது பேர் எங்கள் வாசல் கருவேலமரத்தடியில் கூடினார்கள். மேலே மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். ஒரு நாரை வெயிலுக்கு முதுகு கொடுத்துச் சிறகை விரித்து நின்றது. அந்த நிழலில்தான் குஞ்சுகள். படமெடுக்க வந்தவர்களுக்கு நிற்கிற நாரை போதவில்லை, பறக்கிற நாரை வேண்டியிருந்தது. அழைத்துவந்தவர் கையை ஓங்கித் தட்டினார். ஒருமுறை அல்ல, நான்கு முறை. மரத்திலிருந்த அத்தனையும் எழும்பிப் போயின. நான் ஓடிப்போய்த் தடுத்தேன். “ஒன்றும் ஆகாது அண்ணாச்சி, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும்” என்றார். திரும்பின. இருபது நிமிடம் கழித்து. அதுவரை வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தவித்து விளிம்புக்கு நகர்ந்த ஒரு குஞ்சு கீழே விழுந்தது.

விழுந்த குஞ்சுக்குத் தாய் தரையிறங்கி வந்து ஊட்டாது. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் அம்மா அதைக் கூடையில் போட்டு, மீனை நறுக்கி அலகில் வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் காலையில் கூடையில் அசைவில்லை. நீங்கள் எடுத்த படம் நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான்: கூட்டில் இருக்கும் பறவையைக் கிளப்பாதீர்கள்.

அரசு இதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1994-இல். அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் தாத்தாக்கள் முற்றத்து மரத்தில் கூழைக்கடா கட்டிய கூட்டைக் கலைக்காமல் விட்டார்கள். எச்சத்தின் நாற்றத்தோடு சாப்பிட்டுத் தூங்கினார்கள். அந்த எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமானது என்பதும் உண்மை, மறைக்கவில்லை. பறவை மிரளுமென்று வெடி வெடிக்காமல், தீபாவளிக்கு வெடி கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் ஊர் இது. அந்த ஊருக்குள் வந்துதான் கைதட்டுகிறீர்கள்.

உங்கள் கட்டணத்தில் வேன் உண்டு, சிற்றுண்டி உண்டு, தொப்பிகூட உண்டு. மணிமுத்தாற்றுத் தண்ணீர் எங்கள் குளத்துக்கு வராத வருடம் பறவையும் வராது, நீங்களும் வரமாட்டீர்கள். அந்த வருடம் தண்ணீர் கேட்டு மனு எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஊர்ப்பெயர் ஏறியதும் வேன்கள் கூடின, வாய்க்கால் தூர் அப்படியேதான் கிடக்கிறது. இதற்கு நீங்கள் பொறுப்பல்ல. எதற்கோ ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள். மரத்தடியில் கூடாமல் தள்ளி நின்று, தொலைநோக்கியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். தாகமெடுத்தால் எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்கலாம். பறவையை மட்டும் கிளப்பாதீர்கள். மார்கழியில் அடுத்த அறிவிப்புப் போடும்போது, ‘பறக்கும் படத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் உங்கள் ஆட்களும் ஏமாற மாட்டார்கள்.

பறக்கிற படம்தான் வேண்டுமென்றால், தயவுசெய்து அவர்களை விடியற்காலையில் எழுப்பிக் குளக்கரைக்கு அழைத்து வாருங்கள். இரை தேடப் போகிற நாரைகள் தலைக்கு மேலேயே பறந்து போகும். யாரும் கைதட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கருவேலமரத்து வீட்டுக்காரன்,
கூந்தன்குளம்.