சாளையும் பெருவிரலும்

மக்களே,

யூரிக் ஆசிட் 8.4 வந்ததிலிருந்து பருப்பும் கீரையும் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். போனில் என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

பருப்பையும் கீரையையும் ஏன் விட்டாய்? உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் அவற்றில் உண்டுதான், ஆனால் அவற்றால் கவுட் என்கிற யூரிக் ஆசிட் மூட்டுவலி கூடுவதில்லை. விட வேண்டியது வெள்ளிக்கிழமை பீரையும் உன் அறையில் உருளும் கோலா பாட்டிலையும். கோலாவில் பியூரினே கிடையாது. அதன் சர்க்கரைதான் உள்ளே போய் யூரிக் ஆசிட்டை ஏற்றுகிறது. டப்பா ஜூஸும் அப்படித்தான்.

மீன் விஷயம்தான் நமக்குக் கஷ்டம். சாளை, நெத்தோலி, அயிலை, சிப்பி எல்லாமே பியூரின் மிகுந்தவை. குளச்சல்காரனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா! எனக்குக் கவுட் முதலில் வந்தது சாளை மலிந்து கிடந்த ஒரு மாதத்தில். தினமும் மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளக் குழம்பும். ஒரு நாள் நடுராத்திரி வலது பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனது. சுளுக்கு என்று நினைத்து வைத்தியர் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினேன். மறுநாள் செருப்பே போட முடியவில்லை. ரத்தம் எடுத்தால் 6.5தான். வலி இருக்கும்போது அளவு குறைத்துக் காட்டுமாம். சில வாரம் கழித்து எடுத்ததில் 9.1.

இப்போது வாரம் இரண்டு நாள் மீன், அதுவும் சின்னத் துண்டு. வேகும்போது பியூரின் குழம்பில் இறங்கிவிடும் என்பதால் ஊற்றிப் பிசைவதில்லை. சாளையை விடுவதைவிட இதுதான் பெரும்பாடு. மற்ற நாட்களில் அவியல், முட்டை, நிறைய மோர்.

உனக்கு வெயிலில் நிற்கிற வேலை. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகாத அளவுக்குத் தண்ணீர் குடி. எடையைக் குறை, ஆனால் பட்டினி கிடக்காதே. பட்டினியிலும் யூரிக் ஆசிட் ஏறும்.

அப்புறம், பத்தியத்தால் குறைவது பெரும்பாலும் 1 புள்ளி அளவுதான். யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கை உடம்பே உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள். நான் ஒரு வருடம் வீம்பு பிடித்துவிட்டு, மாத்திரை தொடங்கிய பிறகுதான் 6க்குக் கீழே வந்தேன். உனக்கு இன்னும் வலி வரவில்லை. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அம்மா உனக்குக் கருவாடு கட்டி வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு அண்டிப்பருப்பு (முந்திரி) வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.

அப்பா