மல்லிக்கு வீடு கிடைத்தது: கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மல்லி போன ஞாயிற்றுக்கிழமை தன் புது வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறேழு வயது மதிக்கத்தக்க, குட்டி போட்டுப் போட்டு உடம்பு தளர்ந்த, ஆயுசு முழுக்கக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டிய ஒரு ஷிட்சு நாய்க்கு (சடை முடியும் சப்பை மூக்கும் கொண்ட குட்டை இனம்) வீடு அமைவது லேசான காரியம் இல்லை. அதை நடத்திக் காட்டியவர்கள் நீங்கள். தனித்தனியாகப் போனில் சொல்லிவிட்டேன். ஆனாலும் உங்களில் பலருக்கு மற்றவர் என்ன செய்தார் என்பதே தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் நன்றி கஸ்தூரிபா நகர் பறக்கும் ரயில் நிலையத்துப் பக்கம் பூ விற்கும் அக்காவுக்கு. மே மாத வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தவளைத் தூக்கி, தள்ளுவண்டிக்கு அடியில் நிழலில் போட்டு, பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை அவள் வயிற்றிலும் பாதத்திலும் தெளித்துக்கொண்டே இருந்தார். நாய் தன் உடம்புச் சூட்டை இரைக்க இரைக்க மூச்சு விட்டுத்தான் தணித்துக்கொள்ளும். மூக்கு சப்பையான இனங்களுக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகல். அன்றைக்கு அந்தத் தண்ணீர்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்தது. "வாயில்லா ஜீவன், பாத்துட்டு எப்படிப் போறது?" என்றார் அக்கா. மல்லி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

நாய் என்றதும் வாடகைக் கார்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்ய, "அட, ஏறுங்க" என்று வேப்பேரிக்கு வண்டியை விட்ட ஆட்டோ அண்ணன், அதற்குப் பிறகும் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். காத்திருப்புக் காசு ஒரு தடவைகூட வாங்கவில்லை.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? அவள் ஓயாமல் தண்ணீர் குடிப்பதையும் வயிறு உப்பியிருப்பதையும் பார்த்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கருப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா. கருத்தடை செய்யாமல் விட்ட, வயதேறிய பெண் நாய்களுக்கு வருவது. உடனே கருப்பையை எடுத்தாக வேண்டும். ஆனால் உண்ணிக் காய்ச்சலால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரிந்து கிடந்தன. ரத்தம் ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது என்றார்கள். அந்த இரவு வேளச்சேரியிலிருந்து தங்கள் லேப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். நாய்களுக்கும் ரத்தவங்கி உண்டு, 25 கிலோவுக்குக் குறையாத ஆரோக்கியமான நாய் ரத்தம் கொடுக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த லேப்ரடார் ஒரு பிஸ்கட்டுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான். மறுநாள் அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

கண்ணைப் பார்த்த டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை இமை ஓரத்தில் செருகி, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அந்தப் பட்டையில் ஏற ஏற நீலக்கோடு நகரும். 15 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். மல்லிக்கு ஆறோடு நின்றுவிட்டது. பீளை என்று நாங்கள் துடைத்துத் துடைத்து விட்டதெல்லாம் கண் வறண்டுபோனதன் அடையாளம். சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் விட்டால் பார்வை தப்பும் என்று பொறுமையாக விளக்கி, எப்படி விடுவது என்று என் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார்.

தையல் ஆறியதும் முடி எடுக்க வீட்டுக்கே வந்த தம்பிக்குத் தனி நன்றி. சிக்குப் பிடித்த சடையில் தோலும் சேர்ந்து இழுபட்டிருக்கும், கத்தரிக்கோல் வைத்தால் தோல் கிழியும் என்று, மெஷினை மட்டும் வைத்து, அவள் நடுங்கும்போதெல்லாம் நிறுத்தி, மெதுவாக எடுத்தார். பின்னங்கால் சடை செருப்பைக் கழற்றுவதுபோல் முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடியில் புண். அதுவரை அவள் நொண்டியதற்குக் காரணம் எலும்பு என்றே நினைத்திருந்தோம்.

முடி போனதும் தொங்கிப்போன மடிக்காம்புகள் எல்லார் கண்ணிலும் பட்டன. 2017-இல் வந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி ஒரு பெண் நாயை ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேல் இணை சேர்க்கவே கூடாது. இவளை எத்தனை முறை ஈன வைத்தார்களோ, எந்தப் புண்ணியவான் இறக்கி விட்டுப் போனானோ. வளர்த்தவர் யார் என்று காட்டும் மைக்ரோசிப் தோலுக்கு அடியில் இல்லை, தேடி வந்தவரும் இல்லை. வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்க விட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். இதே அடையாற்றுப் பக்கம் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதால் பிறந்த சட்டம் அது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். எழுதும்போதே வயிறு எரிகிறது.

தங்கள் வீட்டு ஹாலில் அவளை வைத்துப் பார்த்துக்கொண்ட திருவான்மியூர் தங்கைக்கும் அவர் மாமியாருக்கும் நான் கடன்பட்டவள். முதலில் முணுமுணுத்த மாமியார்தான், பிறகு தயிர்சாதத்தைக் கையில் வைத்து ஊட்டினார். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டியதும் அவரே.

போஸ்டர் செய்து கொடுத்த தோழி ஒன்றில் விடாப்பிடியாக நின்றார்: வயதைக் குறைத்துப் போடக் கூடாது, கண் மருந்தை மறைக்கக் கூடாது. வந்த போன்களில் பாதிப் பேர் "குட்டி இருக்கா?" என்றார்கள். சிலர் "மேட்டிங்குக்கு விடலாமா?" என்றார்கள், கருத்தடை ஆகிவிட்டது என்றதும் போனை வைத்துவிட்டார்கள். அந்த உண்மையான போஸ்டர்தான் வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்தியது. பெரம்பூரிலிருந்து ஆசையாக வந்து பார்த்துவிட்டு, "நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம், பகலெல்லாம் தனியா கிடப்பா, பாவம்" என்று தாங்களாகவே விலகிக்கொண்ட தம்பதிக்கும் என் நன்றி. கூட்டிப்போய்விட்டு ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியில் வந்தார்கள் குரோம்பேட்டை அம்மாவும் அய்யாவும். பணி ஓய்வு பெற்றவர்கள். "குட்டி நாய் பதினஞ்சு வருஷம் இருக்கும்மா, அதுக்கப்புறம் அதை யார் பாப்பா? எங்க வேகத்துக்கு நடக்குற மாதிரி ஒண்ணு போதும்" என்றார் அம்மா. வீட்டைப் பார்க்கப் போன தம்பி, கேட் கம்பிகளுக்கு நடுவே இவள் நுழைந்து வெளியேறிவிடலாம் என்று சொன்னார். மறுநாளே வலை அடித்து போட்டோ அனுப்பினார் அய்யா. அடுக்ககத்தில் ஒருவர் நாய் கூடாது என்று கொடி பிடித்தபோது, செல்லப்பிராணிகளுக்குக் குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்ற விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலை எடுத்துக்காட்டி, சண்டையில்லாமல் முடித்து வைத்த செயலாளருக்கும் நன்றி.

முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாளாம். அம்மா அவளை இழுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் தானே வெளியே வந்து அவர் புடவைத் தலைப்பின் மேல் படுத்துக்கொண்டாளாம். பார்க்க ஆசையாக இருப்பவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்; பழைய முகங்களைப் பார்த்தால் குழம்பிப்போவாள்.

சிகிச்சைக்கு நீங்கள் அனுப்பிய பணத்தின் கணக்கை ரசீதுகளோடு ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிட்டேன். மீதமிருப்பதில் மல்லியின் கண் மருந்து இந்த வருடக் கடைசி வரை வாங்கலாம். அய்யா வேண்டாம் என்கிறார், நான் விடுவதாக இல்லை.

நன்றியுடன்,
அடையாற்றிலிருந்து உங்கள் சகோதரி