சமரசம் படிக்க நெல்லையில் ஓர் இடம்: பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். பிணக்குத் தீர்வுக்கும் மத்தியஸ்தத்துக்கும் என்றே இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு ஒன்றை அபிஷேகப்பட்டி வளாகத்தில், தமிழ் வழியில், நீங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்கு, என் கையால் பலமுறை எழுதிய ஒரு வாக்கியத்தை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

"இரு தரப்பினரும் சட்டம் ஒழுங்கிற்குப் பங்கம் ஏற்படாத வகையில், பழைய வழக்கப்படி விழாவை நடத்திக்கொள்ள ஒப்புக்கொண்டனர்."

தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் பழக்கம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் ஒரு தெருக்காரர்கள் மனுக் கொடுப்பார்கள். மறுநாள் இன்னொரு தெருவிலிருந்து எதிர்மனு வரும். தரப்புக்குப் பத்துப் பேர் என்று அழைப்பாணை போகும். இடது பக்கம் பத்து நாற்காலி, வலது பக்கம் பத்து நாற்காலி, நடுவில் வட்டாட்சியர், அவருக்குப் பக்கத்தில் காவல் ஆய்வாளர். முக்கால் மணி நேரத்தில் டீ வரும். டீக்குப் பிறகு கையெழுத்து.

நான் எழுதிய அந்த வாக்கியத்தில் ஒரு சொல் இருக்கிறது: "பழைய வழக்கப்படி." பழைய வழக்கம் எது என்பதுதான் சண்டையே. சாமி வேட்டைக்கு ஊர்வலமாகப் போகும்போது கீழத் தெரு வழியாகப் போவதுதான் வழக்கம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கீழத் தெருவில் வீடுகளே இல்லாத காலத்து வழக்கம் அது, இப்போது எப்படிப் பொருந்தும் என்று மறுதரப்பு கேட்கிறது. கேள்வி எதுவோ அதையே விடையாக எழுதி இருபது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அடுத்த வருடம் அதே ஊர், அதே கோப்பு. தேதியை மட்டும் மாற்றி அதே வாக்கியத்தை எழுதினேன். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதற்கு முன்னால் ஒரு நாள் அந்த ஊருக்குப் பட்டா மாறுதல் விசாரணைக்காகப் போக நேர்ந்தது.

நல்ல வெயில். கீழத் தெருவில் ஒரு பாட்டி திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். என்னைத் தாலுகா ஆபீஸ்காரர் என்று தெரிந்துகொண்டு, மீன் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டார். எந்த மீன் என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் பொறுமையாகச் சொன்னார். குளம் வற்றும் சமயத்தில் ஊர் சார்பில் மீன் ஏலம் விடுவார்கள். குளத்துக்கு வரும் கால்வாயை வருடம்தோறும் மண் வெட்டிச் சீர் செய்வது இரண்டு தெருக்காரர்களும்தான். ஏலப் பணமோ மேலத் தெருக் கோயில் கணக்கில் சேரும். கேட்கப் போன கீழத் தெருப் பையன் ஒருவனை வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த வருடக் கொடையில்தான் ஊர்வலத்தை முதன்முதலாக மறித்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நடத்தினோம். மீன் என்ற சொல் எங்கள் கோப்பில் ஓர் இடத்திலும் இல்லை. அழைப்பாணை போன இருபது பேரில் பெண் ஒருவர்கூட இல்லை என்பதும், வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது வருடம் வட்டாட்சியரிடம் அனுமதி கேட்டு, கூட்டத்துக்கு முன்பாக இரண்டு தெருவுக்கும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். பிறகு நடந்த கூட்டம் காலை பதினோரு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து வரை போயிற்று. ஏலக் கணக்கை இரண்டு தெருவுக்கும் பொதுவாக வாசிப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். பங்கு எவ்வளவு என்பதில் கடைசிவரை இழுபறிதான். ஊர்வலப் பாதை இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்தத் தாலுகாவில் இருந்த நான்கு கொடைகளில் ஒரு கல்கூட விழவில்லை. அதை என் திறமை என்று நான் சொல்லமாட்டேன். வெயில் அடித்தது, ஒரு பாட்டி மோர் கொடுத்தார், அவ்வளவுதான். ஓர் ஊரின் அமைதி ஒரு டம்ளர் மோரை நம்பி இருக்கலாமா?

ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் என் மகன் வீட்டில் இருந்தபோது இந்தத் துறை பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் தட்டுத் தடுமாறிச் செய்தவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் வாயால் கேட்பது அவருடைய நிலைப்பாடு, அதற்கு அடியில் கிடப்பது அவருடைய தேவை; இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இந்தப் படிப்பின் பால பாடம். ஊர்வலம் நிலைப்பாடு. மீன் கணக்கும் வாசலில் நின்ற அவமானமும் தேவை. தனித்தனியாகச் சந்திப்பது, யாரை அறைக்குள் அழைப்பது என்று முன்கூட்டியே ஆராய்வது, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அனுமதியின்றிச் சொல்லாமல் காப்பது எல்லாமே கற்றுக்கொடுக்கக்கூடிய வேலைகள். யோஹான் கால்டுங் என்ற நார்வே அறிஞர், அடிதடி இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், அடிதடிக்குக் காரணமான அநீதியும் நீங்கிய நிலையை நேர்மறை அமைதி என்றும் பிரித்துச் சொன்னார். நான் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் முதல் வகையைக்கூட ஒரு கொடைக்கு மேல் தாங்கவில்லை.

அவர் ஆஸ்லோவில் இதற்கென்று ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது 1959-ல். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1973-ல் அமைதிக் கல்விக்குத் தனித் துறை வைத்தது. கோஸ்டா ரிகாவில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு 1980-ல் அமைதிப் பல்கலைக்கழகம் வந்தது. டெல்லி ஜாமியா மில்லியாவில் நெல்சன் மண்டேலா பெயரில் அமைதிக்கும் பிணக்குத் தீர்வுக்குமான மையம் 2004 முதல் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தில் அமைதி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் இருப்பவன் அதற்காகத் திண்டுக்கல் வரையாவது போக வேண்டியிருக்கிறது.

சட்டமும் இப்போது வந்துவிட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் 2005-ல் தொடங்கியது. 2023-ல் நாடாளுமன்றம் மத்தியஸ்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் சமுதாய மத்தியஸ்தம் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரு வட்டாரத்துக் குடும்பங்களின் அமைதியைக் கெடுக்கக்கூடிய பிணக்கை, தரப்பினர் சம்மதத்தோடு மூன்று மத்தியஸ்தர்கள் கொண்ட குழுவிடம் விடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரோ அந்தக் குழுவை அமைக்கலாம். இந்த அத்தியாயத்தைப் படித்தபோது என் பழைய தாலுகா அலுவலக அறை கண்முன் வந்து நின்றது. குழு அமைக்கலாம், சரி. அந்த மூன்று பேர் எங்கே? நீதிமன்ற மத்தியஸ்தர்களுக்குத் தரப்படும் பயிற்சி நாற்பது மணி நேரம். சொத்து வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் அது ஒரு நல்ல தொடக்கம். நூறு வருடத்துக் கோயில் மரியாதைப் பிணக்கைக் கையில் எடுக்க நாற்பது மணி நேரம் காணாது.

ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெரியவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் கேட்பேன். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை, அபராதம் போடுவதில்லை, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதில்லை. அதையெல்லாம் செய்வது கட்டப் பஞ்சாயத்து. அது சட்டவிரோதம், ஒழித்துக்கட்ட வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னதே தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமரசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்குகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கு முழு நியாயம் உண்டு. ஒரு காவல் நிலையத்தில் நான் நேரில் பார்த்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க வந்த ஒரு தகப்பனாரை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, ஊரோடு ஒத்துப் போகச் சொல்லிச் சொல்லியே, கடைசியில் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி வாங்கினார்கள். அவர் கையெழுத்துப் போடும்போது பேனா தாளில் இரண்டு இடத்தில் கிழித்தது. அதற்கு மத்தியஸ்தம் என்ற பெயரை யாராவது வைத்தால் அது பெரும் அநியாயம். தீண்டாமை குற்றம். குற்றத்தில் பேரம் கிடையாது. எந்தப் பிணக்கைப் பேசித் தீர்க்கலாம், எதைத் தொடவே கூடாது, பேச்சின் நடுவில் எந்த நிமிடத்தில் எழுந்து சட்டத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பயிற்சி இல்லாதவன் கையில் சமரசம் எளியவன் கழுத்துக்குக் கயிறாகும். அதனால்தான் இரண்டு வருடப் படிப்பாகக் கேட்கிறேன், மூன்று நாள் பயிலரங்காகக் கேட்கவில்லை.

1999 ஜூலை 23 அன்று நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன இளநிலை உதவியாளன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் கூட்டம் ஆற்றுக்குள் விரட்டப்பட்டது. தாமிரபரணியில் 17 உயிர் போயிற்று, அதில் ஒரு குழந்தையும் உண்டு. மனுவோடு வந்தவர்கள் பேசத்தான் வந்தார்கள். எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருந்ததா என்ற கேள்வி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் என்னை விடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை முதல் பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. கயிற்றை அறுத்துவிடலாம். அந்தக் கயிறு ஒரு பையன் கையில் முதன்முதலாக ஏறும் வாரத்திலேயே அதைக் கவனித்து, அவனோடும் அவன் வீட்டோடும் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர்? அவர்களை யார் பயிற்றுவிப்பது?

உங்களிடம் குற்றவியல் துறை இருக்கிறது, சமூகவியல் துறை இருக்கிறது. பாளையங்கோட்டையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இவற்றை ஒன்று சேர்த்தாலே பாதித் துறை தயார். மறுபாதி நம் மண்ணிலிருந்து வர வேண்டும். மாணவன் கால்டுங்கைப் படிக்கட்டும், கூடவே அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கும் புல வரைபடமும் வாசிக்கக் கற்கட்டும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் எந்த மடை எப்போது திறக்கும், கடைமடைக்காரன் ஏன் இரவில் மண்வெட்டியோடு வருகிறான், மறுகால் பாயும் வருடத்தில் இல்லாத சண்டை வற்றும் வருடத்தில் ஏன் வருகிறது என்பதெல்லாம் பாடமாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 163, 164 பிரிவுகள், அதாவது அமைதி காக்கப் பிணைப் பத்திரம் வாங்குவது, தடை உத்தரவு போடுவது, நிலத் தகராறு விசாரிப்பது பற்றிய பழைய 107, 144, 145, என்னைப் போன்றவர்கள் கையில் எப்படி யோசனையில்லாமல் புழங்கின என்பதும் பாடமாக வேண்டும். ஒரு பருவம் முழுக்கத் தாலுகா அலுவலகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் பள்ளிக்கூடங்களிலும் களப்பயிற்சி. சனி, ஞாயிறு வகுப்பாகவும் வைத்தால் கிராம நிர்வாக அலுவலர்களும் காவல் உதவி ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் சேருவார்கள்.

தமிழில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சண்டை தமிழில் நடக்கிறது. "என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா" என்று ஒருவர் சொல்லும்போது அதில் எவ்வளவு வலி இருக்கிறது, "பார்த்துக்கொள்ளலாம்" என்பது எப்போது சம்மதம், எப்போது மிரட்டல் என்று காதால் பிரித்தறிய வேண்டும். வேற்று மொழிப் பாடநூலில் அது கிடைக்காது. கலைச்சொற்களும் நீங்கள்தான் உருவாக்கித் தர வேண்டும். சமரசம், சமாதானம், இணக்கம், மத்தியஸ்தம், நடுவம் எல்லாவற்றையும் நாங்கள் ஒரே பொருளில் புழங்கியதால் விளைந்த குழப்பம் கொஞ்சமல்ல.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புதிய சட்டம் மத்தியஸ்தர்களைப் பதிவு செய்யவும், பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரவும் இந்திய மத்தியஸ்த கவுன்சில் ஒன்றுக்கு வழி செய்திருக்கிறது. பதிவுக்குத் தகுதியான ஆட்களைத் தயார் செய்யும் இடமாக நெல்லை முதலில் நின்றால் நம் பிள்ளைகளுக்கு நல்லது. முதல் மூன்று ஆண்டுக்குக் கட்டணத்தைக் குறைத்து வையுங்கள். கீழத் தெருப் பையனும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணிக்காலத்தில் எனக்காக எழுதி வைத்த பதினொரு நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கூட்டத்தில் யார் பேசவில்லை, யார் பாதியில் எழுந்து போனார் என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் நீக்கி, பாடத்துக்கு ஏற்றபடி படியெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். நான் எங்கே தவறினேன் என்பதையும் ஓரத்தில் எழுதித் தருகிறேன். எந்தக் கிழமை வரட்டும் என்று சொல்லியனுப்பினால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
பாளையங்கோட்டை